அம்மனின் பங்கு

பேசக் கூடாது, எச்சிலை விழுங்கக் கூடாது, தண்ணீர் கேட்கக் கூடாது, எழுந்து வெளியே போகக் கூடாது. நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை தானாகக் கரைந்து முடிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம். அண்ணன் பூபதிக்கு இது பழகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் சுகிர்தாவுக்குப் பழகவில்லை. கூட வந்தவர்கள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது இந்த ஆஸ்பத்திரிச் சட்டம். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய், வெளியே துப்பி, காயவைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்களாம். இருக்கட்டுமே, அதற்கு ஒரு மனுஷனின் வாயை அவன் தங்கச்சியை வைத்தா காவல் காக்கச் சொல்வது? சம்பளத்துக்கு ஆள் போட்டுப் பார்க்கவேண்டிய வேலையை வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு அதற்குக் குடும்ப ஆதரவு என்று ஒரு பேரும் வைத்துவிட்டார்கள், வரிசையைப் பார், மாத்திரை வைத்திருப்பதெல்லாம் ஆம்பளை, காவலுக்கு உட்கார்ந்திருப்பதெல்லாம் அம்மா, பெண்டாட்டி, தங்கச்சி, ஒரு சித்தப்பன், ஒரு மாமன் கண்ணில் படட்டும் பார்க்கலாம், என்று மனசுக்குள் மைக் பிடித்து ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். இப்போதெல்லாம் எந்த வாதமும் முடிவுவரை ஓடமாட்டேன் என்கிறது. நியாயம் குறைந்துவிட்டதா என்றால் அதெல்லாம் இல்லை, தூக்கிக்கொண்டு ஓடத்தான் ஆளுக்குத் தெம்பில்லை. சுவர் மின்விசிறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தலையைத் திருப்பி ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு போனது. ரோஸ்லின் சிஸ்டர் கையில் சின்ன டார்ச்சோடு வரிசையில் வந்தாள். "என்ன, எல்லாரும் மௌன விரதமா? நம்ம எம்எல்ஏமாருக்கும் நாக்குக்கடியில ஒண்ணு வச்சு விட்டா நாடு உருப்பட்டுரும்" என்றாள். வாய் மூடியிருந்தவர்கள் மூக்கால் சிரித்தார்கள். பூபதியும் சிரித்தான். தோள் குலுங்குகிற அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்த மாத்திரத்தில் சுகிர்தாவுக்குப் பயம் வந்துவிட்டது, சிரிப்பில் மாத்திரை உள்ளே போய்விட்டால்? விழுங்கினால் வேலை செய்யாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். சிரிப்பைப் பார்த்தால் சிரிப்பாகத் தெரியாமல் ஆக்கிவிட்டதே இந்தச் சனியன், அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், வராந்தா பெஞ்சியில், அம்மா சம்பூரணம் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒருவருக்கு ஒருவர்தான் வரலாம். "நீயே போ கண்ணு, டாக்டரம்மா வெடுக்குனு எதாச்சும் கேப்பாங்க, எனக்குப் பதில் சொல்ல வராது, நீதான் படிச்ச புள்ள" என்று அனுப்பியது அவள்தான். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. குலதெய்வம் செல்லாண்டியம்மனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குப் பேசவேண்டியதுதான். இன்றைக்கு டாக்டரம்மா முடிவு சொல்லப்போகிறாள். வீட்டுக்கு மாத்திரை கொடுப்பதா, இல்லை இப்படித் தினமும் இங்கேயே வந்து வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வதா. தினமும் என்றால் வேலை போச்சு. பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டுகிற வேலை, பழைய முதலாளிதான், அண்ணனின் கையை மறக்க முடியாமல் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார், "திங்கக்கெழமை காலைல மொத ஷிப்டுக்கு மெசின்ல நின்னீன்னா நில்லு, இல்லீன்னா வேற ஆளு ரெடியா இருக்கான் பூபதி" என்று சொல்லியும் விட்டார். முதல் ஷிப்ட் ஓட ஆரம்பித்து வெகுநேரம் கழித்துத்தான் இந்த மாத்திரை ரூமின் பூட்டையே திறக்கிறார்கள். வேலைக்குப் போகாதவனுக்குப் பகல் முழுக்கக் கைவசம் இருக்கிறது, பகல் முழுக்கக் கைவசம் இருப்பவனுக்குப் பழைய கூட்டாளிகள் இருக்கிறார்கள், அவர்களிடம் அந்த வலி மாத்திரை இருக்கிறது, ஊசி இருக்கிறது. இரட்டை ஷிப்ட் பார்த்த இடுப்பு வலிக்கு என்று ஒருத்தன் கொடுத்ததில் ஆரம்பித்தது, அந்த ஊசியை உடம்பு கேட்காமல் இருக்கத்தான் இந்த நாக்கடி மாத்திரை. வட்டம். இதை விளக்கி அவள் சென்னையில் தான் படிக்கிற பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருக்கிறாள். போதை அடிமைத்தனம் நோய், குற்றம் அல்ல, நோயாளியைத் தண்டிக்கிற சமூகமே முதல் குற்றவாளி. என்ன கைதட்டல் அன்றைக்கு. மேடையிலிருந்து இறங்கியதும் செல்போனில் வீட்டுக்குக் கூப்பிட்டு அண்ணனிடம் கேட்ட முதல் கேள்வி, "எங்கே இருக்கே, யார் கூட இருக்கே, போனை அம்மா கிட்டக் குடு."

போன தடவையும் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அம்மா கையில்தான் கொடுத்தார்கள், அம்மாதான் தினம் காலையில் ஒன்று எடுத்து அவனுக்குக் கொடுத்தாள், அப்படியும் அவன் கெட்டுப்போனான். சோதனையில் சிறுநீர் காட்டிக்கொடுத்துவிட்டது. டாக்டரம்மா அதைக் கேட்பாள், எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்பாள், மாத்திரை ஒழுங்காகப் போட்டும் எப்படித் தவறினான், என்ன பதில்? இன்று காலை வரைக்கும் சுகிர்தாவிடம் பதில் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த பதில், அவன் துப்பியிருக்கிறான். காலையில் கற்பூர டப்பாவைத் தேடிச் சாமி அலமாரியில் கையை விட்டபோது படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று அகப்பட்டது. காணிக்கைக் காசு என்று நினைத்தாள். அமுக்கிப் பார்த்தால் காசு இல்லை, மாவு மாதிரி நெருநெருவென்று. பிரித்தால் அரை அரையாக வெள்ளை மாத்திரைகள், பாதி நிலா மாதிரி, சில ஓரம் உதிர்ந்து, குங்குமம் ஒட்டி. அவளுக்கு அப்போதும் புரியவில்லை. அண்ணன்தான் ஒளித்து வைத்திருக்கிறான், சாமிப் படத்துக்குப் பின்னாடியேவா, என்ன கொழுப்பு, என்று முடிச்சைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள், டாக்டரம்மா முன்னால் எடுத்துப் போட்டுவிடுவது என்ற முடிவோடு. பஸ்ஸில் அண்ணன் முன்னால் தள்ளி நின்றிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா பைக்குள் மஞ்சள் துணியைப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அதை எனத்துக்குக் கண்ணு எடுத்தே? அது அம்மனோட பங்கு."

"என்னம்மா பங்கு?"

"நேந்துக்கிட்டேன். பாதி அவனுக்கு, பாதி அம்மனுக்கு. பையன் சொமையில பாதியை நீ தூக்கிக்க தாயீன்னு. முழுசா ரொம்பினதும் கோயில் உண்டியல்ல போட்டுட்டு வந்துரலாம்னு இருக்கறேன்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதுவும் ஒரு போதைதானே கண்ணு? உங்க மாமன் சொல்றாரு, ஒரு பேயை ஓட்ட இன்னொரு பேயான்னு. கொறச்சுக் குடுத்தா வெரசலா விட்டுருவானில்ல?"

"அண்ணன் ஒண்ணும் கேக்கலையா?"

"அவன் எங்க கேக்கறான், குடுத்ததை வாயில போட்டுக்கிட்டான், பாவம்."

பாவம். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது, முன்னால் அண்ணன் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தான், அவன் முழங்கையின் உட்பக்கத்தில் பழைய தழும்பு தெரிந்தது, சுகிர்தா பையின் வாயை இழுத்து மூடினாள். அரை மாத்திரை. பாதி மருந்தில் உடம்பு என்ன பாடு பட்டிருக்கும் என்று இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகிறது. லீவுக்கு வந்திருந்தபோது பார்த்தாளே, சித்திரை வெயிலில் நட்ட நடு மத்தியானம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினான், மூக்கு ஒழுகியது, கொட்டாவி, கொட்டாவி, கொட்டாவி, கால் ஒரு இடத்தில் நிற்காமல் பாயை உதைத்துக்கொண்டே இருந்தது. அம்மா மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள், கண்ணேறு சுற்றிப் போட்டாள். சுகிர்தா வாசல்படியில் நின்று, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் இப்படி வராது, நான் படித்திருக்கிறேன், என்றாள். படித்தது சரிதான். அதுதான் இதில் உள்ள கொடுமை, அவள் படித்தது எதுவும் தப்பு இல்லை. ஒழுங்காகப் போட்டால் வராது, வந்திருக்கிறது, ஆகவே ஒழுங்காகப் போடவில்லை, ஆகவே துப்புகிறான். எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா இந்தத் தர்க்கத்தில்? மாமாவையும் வைத்துக்கொண்டு நடுவீட்டில் அவனை நிற்க வைத்தாள். நீ துப்பறே, அம்மாவை ஏமாத்தறே, ஒப்புக்கோ, ஒப்புக்கிட்டாத்தான் வைத்தியம் பண்ண முடியும். அவன் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் இவளைப் பார்த்தான். "ஆமா பாப்பா, துப்பிட்டேன்" என்றான்.

ரோஸ்லின் சிஸ்டர் இவர்கள் நாற்காலிக்கு வந்துவிட்டாள். "ஆ காட்டு பூபதி. நாக்கைத் தூக்கு." டார்ச் வெளிச்சம் உள்ளே விழுந்தது. சிவந்த ஈரக் குகையில், நீல நரம்புகளுக்கு நடுவில், மாத்திரை முழுசாக உட்கார்ந்திருந்தது, ஓரம் மட்டும் கரைந்து, வட்டம் குலையாமல். "இன்னும் இருக்கு. உக்காரு. அவசரம் வேண்டாம், கலெக்டர் ஆபீசுல உன்னைத் தேடல" என்று சிஸ்டர் அடுத்த நாற்காலிக்குப் போனாள். சுகிர்தா மட்டும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் வாயை மூடிய பிறகும் பார்த்தாள். முழு வட்டம். இங்கே வருகிறபோதெல்லாம் அவன் நாக்குக்கடியில் முழு வட்டம். வீட்டில் அம்மா கையிலிருந்து வாங்கியது அரை வட்டம், ஒரு பக்கம் நேராக, வெட்டிய ஓரம் சொரசொரவென்று. பல்லில் ஒரு தேங்காய்த் துருவல் சிக்கினால் நாக்கு நாள் பூராவும் அதையே துழாவும். தெரியாமல் போகுமா? கண்ணை மூடிக்கொண்டு லேத்தில் தலைமுடி அளவு தேய்மானத்தை விரலால் தடவிச் சொல்லுகிறவன். தெரியும். முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் வாங்கிப் போட்டுக்கொண்டான், தெரிந்தேதான் நடுங்கினான், தெரிந்தேதான் துப்பாத மாத்திரையைத் துப்பியதாகச் சொன்னான். அந்த ஒப்புதலை வைத்துத்தானே அவனை அந்த மறுவாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள், ஊருக்கு வெளியே, தகரக் கூரை, மொட்டையடித்து, இங்கே எழுதவே கூசுகிறது என்று அவள் கட்டுரை எழுதுவதைப் பாதியில் நிறுத்திய இடம். அங்கே உறவினர்களுக்கு அறிவுரை சொன்ன ஆள், இவனுங்க சொல்றதை நம்பாதீங்க, வாயைத் திறந்தா பொய், என்று சொன்னபோது அவள் தலையாட்டினாள். வாயைத் திறந்தால் பொய். ஆமாம், திறந்தான், பொய்தான் சொன்னான். வாதத்தில் ஜெயித்தவள் அவள்.

இரு, இரு, என்றது உள்ளே இருந்த இன்னொரு சுகிர்தா, எதிரணியில் எப்போதும் உட்கார்ந்திருப்பவள். அதற்குள் அவனுக்குச் சிலை வைக்காதே. அரை மாத்திரை அவனுக்கு வசதியாகவும் இருந்திருக்கலாமே? உடம்பு கேட்கிறது, போனேன், ஏற்றிக்கொண்டேன், என்ன பண்ண, என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு. அம்மாவிடம் முழுசாகக் குடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது விஷயம். சொல்லாதவன் அம்மாவைக் காப்பாற்றினானா, தன் ஊசியைக் காப்பாற்றினானா? இதற்குப் பதில் அவனுக்கே தெரியுமோ என்னவோ. இரண்டும் இருக்கலாம். பாதி பாதி. அய்யோ, மறுபடியும் பாதி. யோசனை அங்கேயே போய் முட்டியது, திரும்பி வந்தது, முட்டியது. எதிர் வரிசையில் ஒரு பெண் புருஷனின் வாயைப் பார்த்தபடியே தூங்கிவிட்டிருந்தாள், அவன் அசையாமல் இருந்தான், அவளை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காகவோ, இதுதான் சமயம் என்பதற்காகவோ. எதை வைத்துச் சொல்வது? ஒரு மனுஷனை நம்புவதற்கு என்னதான் ஆதாரம் வேண்டும்? அவளுக்குத் திடீரென்று எல்லாம் போதும் என்று இருந்தது. பைக்குள் கைவிட்டு மஞ்சள் முடிச்சை எடுத்து, முழங்கைக்குக் கீழே மறைத்து, அண்ணன் பக்கம் காட்டினாள்.

"அண்ணா. இது உனக்குத் தெரியுமா?"

பூபதி குனிந்து பார்த்தான். ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கம்பிக் கதவுக்கு வெளியே அம்மாவைப் பார்த்தான், அவள் இன்னும் உதடசைத்துக்கொண்டிருந்தாள். முடிச்சைச் சுகிர்தாவின் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அவள் பைக்குள்ளேயே அடியில் தள்ளி, மேலே அவள் துப்பட்டாவின் நுனியை இழுத்து மூடினான். வாயைத் திறக்கக் கூடாதவன் தலையை ஒரு தடவை ஆட்டினான். வேண்டாம். அவ்வளவுதான். பேசுகிறபோது எத்தனை தடவை அவனை மடக்கியிருக்கிறாள், இந்த ஒரு தலையாட்டலை எந்தப் பக்கமிருந்து மடக்குவது என்று தெரியவில்லை.

ஏன் வேண்டாம்? சொல்லிவிட்டால் என்ன? டாக்டரம்மாவிடம் ஒரே வாக்கியம், எங்கம்மா பாதி மாத்திரைதாங்க கொடுத்தாங்க. அதோடு அண்ணன் மேல் இருக்கிற பொய்யன் பட்டம் கழன்று விழும். உண்மைக்கு மேலே என்ன இருக்கிறது? இருக்கிறது. ரசத்தில் இல்லாத சீரகம் இருக்கிறது. அப்பா நெஞ்சு எரிகிறது என்று சொன்ன சாயங்காலம், வாயுத் தொல்லைதான் என்று அம்மா சீரகத் தண்ணி கொதிக்கவைத்துக் கொடுத்துப் படுக்கச் சொன்னாள், அப்பா எழுந்திருக்கவில்லை. யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. டாக்டர் யாரோ பேச்சுவாக்கில், அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா, என்று இழுத்தார், முடிக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் சீரகம் வாங்குவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ரசத்தில் சீரக வாசம் வந்தால் அம்மா இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள், கேட்டால் பசி இல்லை என்பாள். அந்தப் பொம்பளையிடம் போய், உன் நேர்த்திக்கடனால்தான் உன் மகன் மறுபடியும் ஊசிக்குப் போனான், அதனால்தான் அவனுக்கு மொட்டையடித்தார்கள், என்று சொல்வதா? அண்ணன் தலையாட்டியதன் நீளமான அர்த்தம் அதுதான். சரி, காரணம் சொல்லாமல், இனிமேல் பாதியாக்காதே அம்மா என்று மட்டும் சொன்னால்? எனத்துக்குக் கண்ணு என்பாள். நேந்துக்கிட்டதை நடுவுல நிறுத்துனா தெய்வக் குத்தம் என்பாள். மகள் எதிரில் சரி என்று சொல்லிவிட்டு, மகள் சென்னை ரயில் ஏறியதும் முன்னைவிடப் பயபக்தியாகப் பாதியாக்குவாள், தன் மகனின் மேல் உயிரையே வைத்திருப்பவள் ஆயிற்றே, தாயின் பாசத்தைப் போல் கையும் களவுமாகப் பிடிக்க முடியாத சாமான் வேறு இல்லை. சொன்னால் அம்மா போச்சு, சொல்லாவிட்டால் அண்ணன் போச்சு. அப்படியானால் நானே இருந்து கொடுக்கிறேன் என்று படிப்பை விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான், அதைத்தானே எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள், அந்த மாமன் போன வாரமே சொன்னார், பொட்டப்புள்ள மேல படிச்சு என்ன ஆகப்போவுது, வீட்டுல இருந்து அண்ணனப் பாத்துக்கிட்டா அதுவே புண்ணியம். புண்ணியத்தைக் கொண்டுபோய் அவர் தலையில் கொட்ட.

சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "முடிஞ்சுது, போ" என்றாள். டாக்டரம்மா மூலையில் இருந்த மேசையிலிருந்தே கையசைத்தாள். நரைத்த முடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருந்தவள், மூன்று பேரையும் சேர்த்தே வரச் சொன்னாள். அம்மா செருப்பை வராந்தாவிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்தாள்.

"வேலைக்குப் போறியாமே பூபதி. நல்லது. ஆனா போன தடவை வீட்டுக்குக் குடுத்தோம். கை மேல பலன் பாத்தாச்சு. அதே வீட்டுக்குத் திரும்பக் குடுக்க எனக்கு ஒரு காரணம் சொல்லுங்க."

அம்மா சுகிர்தாவின் முழங்கையை இடித்தாள், பேசு கண்ணு. அதற்குள் பூபதி சொன்னான். இவ்வளவு நேரம் மூடியிருந்த வாய், குரல் கட்டியிருந்தது. "போன தடவை என்ர தப்புதாங்க மேடம். துப்பிட்டேன். இனி மாட்டனுங்க."

எத்தனை சுலபமாக வருகிறது அவனுக்கு. சுகிர்தாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, டாக்டரம்மா மேலா, அண்ணன் மேலா, கண்ணை இடுக்கிக்கொண்டு மகனுக்காக மேசையைக் கும்பிட்டு நிற்கிற இவள் மேலா, அந்தச் செல்லாண்டியம்மன் மேலா தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம், முடிச்சு இங்கேதான் இருக்கிறது, பையைத் திறந்தால் போதும். அம்மா பாதம் தரையில் கூசி விரல்களை மடக்கிக்கொண்டு நின்றது அப்போதுதான் கண்ணில் பட்டது. பாதி. பாதியாக்கத்தானே வேண்டும் அவளுக்கு. பாதியாக்க முடியாத மாதிரி ஒன்று இருந்தால்? மாவை இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் பொட்டலத்தை அப்படியே அவன் நாக்குக்கடியில் கொட்டினால் மிஞ்சுவது எச்சில், எச்சிலை அம்மா உயிர் போனாலும் சாமி பக்கம் வைக்கமாட்டாள்.

"மேடம், மாத்திரையைப் பொடி பண்ணித் தருவீங்களா?" என்றாள். "ஒவ்வொண்ணா நசுக்கி, தனித்தனிப் பொட்டலமா. பேப்பரோட வாய்ல வச்சுக் கொட்டற மாதிரி."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஓ. ஒதுக்கி வைக்க முடியாதபடிக்கா? துப்பறதுக்கும் விக்கறதுக்கும் ஒண்ணும் சிக்காது. செய்யலாம். இங்க ரொம்பச் சந்தேகமான கேசுக்கு அப்பிடித்தான் செய்யறோம்."

"ஆமாங்க. சந்தேகமான கேசுதான்."

"ஏய்!" அம்மாவுக்கு டாக்டர், ஆஸ்பத்திரி எல்லாம் மறந்துவிட்டது. "என்ன பேச்சுப் பேசறே நீ? அவன்தான் இனி மாட்டேன்னு சொல்றானல்ல? கூடப் பொறந்தவளா நீ? அத்தனை பேரு முன்னால அவனைத் திருடனாக்கறே?"

"துப்பினவன்தானேம்மா."

"ஒருக்கா துப்புனா? ஆயுசு பூராவும் அதையே சொல்லிக் குத்துவியா? படிச்ச திமிரு! நீங்க அவ சொல்றதைக் கேக்காதீங்கம்மா, எம்பையனுக்கு முழுசாவே குடுங்க, நான் பொறுப்பு."

முழுசாவே. சுகிர்தா மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பூபதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். புருவம் முதலில் நெரிந்தது, பிறகு மெல்ல இறங்கியது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அவள் சொன்ன ஒன்றை முழுக்கக் கேட்டு முடித்த களை. "உடும்மா" என்றான். "பாப்பா சொல்றது சரிதான். மேடம், எனக்குப் பொடியாவே குடுங்க. கைல மாத்திரையைப் பாத்தா எனக்கே என்மேல நம்பிக்கை இல்லீங்."

ரோஸ்லின் சிஸ்டர் சின்னக் குழவியும் கல்லும் எடுத்துவந்து ஒவ்வொன்றாக நசுக்க ஆரம்பித்தாள். டாக்டரம்மா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு பொட்டலம், அப்படியே நாக்குக்கடியில், ஒரு துளி மிச்சம் வைக்கக் கூடாது. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள். பொட்டலங்களை முந்தானையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மகனின் முதுகில் கைவைத்து முன்னால் நடத்திக்கொண்டு போனாள். வராந்தாவில் செருப்பை மாட்டியவள் திரும்பினாள், மகளின் முகத்தைப் பார்க்காமல், மகளின் தோளுக்குப் பக்கத்தில் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"நீ கெளம்பு கண்ணு. போய் உன்ர படிப்பைப் பாரு. இவனை நான் பாத்துக்கறேன். எம்பையனை நம்பறதுக்கு இந்த வீட்டுல ஒருத்தியாச்சும் வேணுமில்ல."

இதற்குச் சொல்ல சுகிர்தாவிடம் ஒரு பதில் இருந்தது. ஆதாரத்தோடு இருந்தது, தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குப் பின்னால் அண்ணன் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நின்றிருந்தான்.

"சரிம்மா" என்றாள்.